ஒரு மைல் கடல்

சேஷெல்ஸ் தீவுக்கூட்டத்தில் பிராலின் என்ற பெரிய தீவையொட்டிக் கடலில் இரண்டு சிறு கருங்கல் தீவுகள் உள்ளன. ஒன்றின் பெயர் கூஸேன், மற்றதன் பெயர் கூஸீன். பிரெஞ்சு மொழியில் முதலாவது ஆண்பாற் சொல், இரண்டாவது பெண்பாற் சொல். இரண்டும் ஒரே உறவைக் குறிப்பவை. தமிழில் இதைப் பெயர்க்க முயன்றால் மாட்டிக்கொள்வோம். அத்தை மகனா, சித்தப்பா மகனா என்று முதலில் கேட்டுத் தெளிய வேண்டியிருக்கும். பிரெஞ்சு மாலுமிகளுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. ஒவ்வொன்றும் முப்பது ஹெக்டேருக்கும் குறைவான பரப்பு. இடையே ஒரு மைல் கடல். இந்தக் கட்டுரை அந்த ஒரு மைலைப் பற்றியது. அதைக் கடக்காத ஒரு குருவியைப் பற்றியது.

குருவி பார்வைக்கு எளியது. பதின்மூன்று, பதினான்கு சென்டிமீட்டர் நீளம். எடை ஏறத்தாழ 15 கிராம். மேலே பச்சை கலந்த பழுப்பு, கீழே வெளிறிய மஞ்சள். புகைப்படக்காரர்கள் தேடிப் போகும் பறவையல்ல. ஆனால் குரல் வேறு. குழலிசை போன்று கனிந்த, குறுகிய சீழ்க்கைகள். சேஷெல்ஸ் கிரியோல் மொழியில் இதைத் ‘திமேர்ல் தெஸீல்’ என்கிறார்கள். ‘தீவுகளின் சிறு கரிச்சான்’ என்று தோராயமாகப் பொருள் சொல்லலாம். நிறத்தை விட்டுவிட்டுக் குரலைக் கேட்டு வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அறிவியல் முறையில் இதை 1877இல் முதலில் விவரித்தவர் பிரெஞ்சு விலங்கியலாளர் எமீல் ஊஸ்தலே.

இது நாணல் கதிர்க்குருவிகளின் பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினம் நமக்கு அயலானதல்ல. மழைக்காலத் தொடக்கத்தில் நம் தோட்டத்துப் புதர்களுக்குள்ளிருந்து ‘சக்... சக்...’ என்று ஒலி வரும், பறவை கண்ணில் படாது. அதுதான் பிளித் நாணல் கதிர்க்குருவி. மத்திய ஆசியாவிலும் ருஷ்யாவிலும் கூடுகட்டிவிட்டு, இமயத்தைத் தாண்டித் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் குளிர்கால வலசையாக வருவது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களைப் பொருட்படுத்தாத அந்தக் குடும்பத்தில் பிறந்ததுதான் சேஷெல்ஸ் கதிர்க்குருவி. இதன் முன்னோர் என்றோ ஒரு காலத்தில் பெருங்கடலின் நடுவே வந்து இறங்கினார்கள். இறங்கியவர்களின் வாரிசுகள் அதன்பின் கடலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சேஷெல்ஸின் மனித வரலாறு மிகவும் பிந்தியது. கருங்கல் தீவுகள் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்துண்டிலிருந்து பிரிந்து நின்றவை என்று நிலவியலாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் அங்கே மனிதர் நிலையாகக் குடியேறி முந்நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. மொரீஷியஸின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த மாஹே த லபோர்தொனே 1742இல் லசார் பிகோ என்பவரை அனுப்பித் தீவுகளை ஆராயச் செய்தார். பெரிய தீவுக்கு மாஹே என்ற பெயர் அவரால் வந்தது. இதே லபோர்தொனேதான் 1746இல் கப்பற்படையோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றியவர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு இந்த மனிதர் நன்கு அறிமுகமானவர். டூப்ளேயோடு அவருக்கிருந்த பூசலும்தான். 1770இல் செயின்ட் ஆன் என்ற சிறு தீவில் இறங்கிய முதல் குடியேறிகளின் சின்னஞ்சிறு குழுவில் வெள்ளையர்களோடும் ஆப்பிரிக்க அடிமைகளோடும் ஐந்து இந்தியர்களும் இருந்தனர்.

காடுகளுக்கு நேர்ந்தது இதற்குப் பிறகு. முதலில் மரத்துக்காகவும் ஆமைக்காகவும் தீவுகள் சூறையாடப்பட்டன. பின் பருத்தி வந்தது. பிரித்தானியர் கைக்குத் தீவுகள் மாறிய பிறகு, 1835இல் அடிமை முறை ஒழிந்தது. பருத்திக்குக் கைகள் நிறைய வேண்டும். கைகள் விடுதலை பெற்றுவிட்டன. எனவே, குறைந்த ஆட்களைக் கொண்டு நடத்தக்கூடிய பயிராகத் தென்னை வந்தது. முதலில் எண்ணெய், பிறகு கொப்பரை. ஒரு பெரும் அநீதி முடிவுக்கு வந்ததன் பக்கவிளைவாகத் தாழ்நிலக் காடுகள் அழிந்தன என்று சொல்லும்போது சற்றுக் கூசத்தான் செய்கிறது. ஆனால் கணக்கு அப்படித்தான் ஓடியது. அடிமைகளின் விடுதலைக்கு விலை கொடுத்தவர்கள் தோட்ட முதலாளிகள் அல்லர். சமநிலத்து மரங்களும் அவற்றில் வாழ்ந்தவையும்தான்.

தென்னையோடு எலியும் பூனையும் வந்தன. பெரும்பாலான தீவுகளில் சிறு பறவைகளின் கதையை முடித்தவை இவையே. கூஸேனுக்கு ஒரு நல்லூழ்: அங்கே எலி ஏறவில்லை. ஆனால் தென்னை ஏறியது. தோட்டத்தைச் சுத்தமாக வைப்பது என்றால் தென்னைக்கு இடையில் எதுவும் முளைக்க விடாமல் வெட்டுவது என்று பொருள். இந்தக் குருவி தென்னை மட்டையில் வாழாது. அகன்ற இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கித் தின்பதே அதன் பிழைப்பு. உணவில் ஏறக்குறைய முழுவதும் இலையடியிலிருந்து எடுப்பதுதான். தென்னங்கீற்றில் அதற்கு வேலை இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரியான் என்ற தீவிலும் இக்குருவியைச் சுட்டுத் தோலுரித்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகத்திலேயே கூஸேனில் மட்டும், சதுப்பை ஒட்டிய ஒரு புதர்ப் பகுதியில் மட்டும், எஞ்சியிருந்தது.

1959இல் ஜான் க்ரூக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எண்ணிப் பார்த்தபோது முப்பது பறவைகள் அளவில்தான் இருந்தன. 1968இலும் முப்பதைத் தாண்டவில்லை. ஒரு கணக்கில் வெறும் 26. ஓர் உயிரினம் முழுவதையும் ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம் என்று எழுத வருகிறது. உண்மையில் பேருந்தே வேண்டாம்: 26 பறவைகளின் மொத்த எடை நானூறு கிராம், நம் வீட்டுச் சமையலறையின் ஒரு தேங்காய்க்கும் கீழே.

அந்த ஆண்டு, 1968இல், பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு மன்றம் (இன்று பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல்) நன்கொடை திரட்டிக் கூஸேன் தீவை விலைக்கு வாங்கியது. ஒரே ஒரு சிறு குருவியை மனத்தில் வைத்து ஒரு தீவையே வாங்குவது அன்று புதுமையான செயல். மாஹேயில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது 1971இல்; நாடு விடுதலை பெற்றது 1976இல். ஆக, விமானமும் சுற்றுலாவும் வருவதற்குச் சற்று முன்னால், தீவின் விலை தேங்காயின் கணக்கில் மட்டும் இருந்த கடைசி ஆண்டுகளில், இந்த விற்பனை நடந்துவிட்டது. பத்தாண்டு தாமதித்திருந்தால் அங்கே விடுதி எழுந்திருக்கும் என்று ஊகிப்பது மிகையல்ல. இலண்டனில் இருந்துகொண்டு ஒரு குடியேற்ற நாட்டின் தீவை வாங்கியதில் நெருடல் இல்லாமலில்லை. ஆனால் 1975இல் அரசே அதைச் சிறப்புக் காப்பகமாக அறிவித்தது. 1998 முதல் பொறுப்பு உள்நாட்டு அமைப்பிடம் வந்தது. நேச்சர் சேஷெல்ஸ் என்ற பெயரில் அறியப்படும் அந்த அமைப்பை நிர்மல் ஜீவன் ஷா என்ற சேஷெல்ஸ்காரர் நெடுங்காலம் வழிநடத்தினார். அந்தப் பெயரும் இந்தியப் பெருங்கடலின் குறுக்கே நடந்த ஒரு பயணத்தைச் சொல்வதுதான்.

வாங்கிய பிறகு செய்தது என்ன என்று கேட்டால் விடை சப்பென்று இருக்கும். தேங்காய் விழுந்து முளைத்த கன்றுகளைப் பிடுங்கினார்கள். அவ்வளவுதான். எதையும் கூண்டில் வளர்க்கவில்லை, ஊட்டவில்லை. தென்னை குறையக் குறைய உள்ளூர் மரங்கள் தாமே எழுந்தன.

அந்த மரங்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் மேலே போக மனமில்லை. கூஸேனின் காட்டில் தலையானது பிசோனியா. தமிழ்நாட்டில் இதை வீட்டு முற்றத்தில் வைத்திருக்கிறோம்: லச்சக்கொட்டைக் கீரை, நச்சுக்கொட்டைக் கீரை என்றெல்லாம் ஊருக்கு ஊர் பெயர் மாறும், வெளிறிய இளம்பச்சை இலையுள்ள அந்த மரமேதான். நம் பாட்டிமார் வாயுப்பிடிப்புக்குப் பறித்துச் சமைத்த இலையின் அடியில்தான் அந்தக் குருவி இரை தேடுகிறது. அடுத்தது அங்கே தகமாகா என்று அழைக்கப்படுவது. அது வேறொன்றுமில்லை, நெய்தல் திணையின் புன்னை. நுணாவும் உண்டு. ஒரு சங்கப் புலவரைக் கூஸேன் கரையில் இறக்கிவிட்டால் பாதி மரங்களைப் பெயர் சொல்லி அழைத்திருப்பார். பிசோனியாவுக்கு ஒரு கொடிய குணமும் உண்டு. அதன் விதைகள் பிசின் போல் ஒட்டும். அம்மரத்திலேயே கூடு கட்டும் கடற்பறவைகளான நாடி ஆலாக்களின் சிறகில் அவை கொத்தாக ஒட்டிக்கொண்டு, பறக்க முடியாமல் மரத்தடியிலேயே சாகடிக்கும். அடைக்கலம் தரும் மரம் கொல்லவும் செய்கிறது. கதிர்க்குருவி மட்டும் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

1980களின் தொடக்கத்துக்குள் கூஸேனில் முந்நூறுக்கும் மேற்பட்ட குருவிகள் ஆகிவிட்டன. தீவு நிரம்பிவிட்டது. அதற்கு மேல் எண்ணிக்கை ஏறவில்லை. இங்கேதான் கதையின் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. இரண்டாம் பாகமே சுவையானது என்பது நம் கட்சி.

1985இல் யான் கொம்டூர் என்ற இளம் டச்சு ஆய்வாளர் கூஸேனுக்கு வந்தார். ஒவ்வொரு பறவையின் காலிலும் வெவ்வேறு வண்ண வளையங்கள் மாட்டி, தனித்தனியாக அடையாளம் கண்டு, யார் யாரோடு வாழ்கிறார்கள், யார் யாருக்கு ஊட்டுகிறார்கள் என்று குறிக்கத் தொடங்கினார். தீவு சிறியது, பறவை வெளியே போவதில்லை. ஊரின் எல்லாக் குடும்பங்களையும் அறிந்த கணக்குப்பிள்ளையின் வசதி அவருக்குக் கிடைத்தது. காட்டு விலங்கைப் பற்றிய ஆய்வில் இது எளிதில் வாய்ப்பதில்லை.

அவர் கண்டது கூட்டுக் குடும்பம். ஒவ்வோர் இணைக்கும் ஓர் எல்லை. அந்த எல்லைக்குள் வளர்ந்த பிள்ளைகள் பலவும் வெளியேறாமல் தங்கி, பிறந்த தம்பி தங்கைகளுக்கு ஊட்டுகின்றன. தங்குபவை பெரும்பாலும் மகள்கள். இது பாசமா, வேறு வழியின்மையா? பறவையியலில் அது பெரிய விவாதம். விடை காண அவருக்கு வாய்த்த வழி அரிது. நிரம்பிய தீவிலிருந்து குருவிகளை வேறு தீவுக்கு மாற்றுவது பாதுகாப்புக்கே தேவையாக இருந்தது. ஒரு புயலோ ஒரு கப்பல் எலியோ போதும், இனமே முடிந்துவிடும் அல்லவா? 1988இல் 29 குருவிகள் அரீத் தீவுக்கும், 1990இல் 29 குருவிகள் கூஸீனுக்கும் கொண்டு செல்லப்பட்டன. அரீத் என்றால் வறண்டது என்று பொருள். பெயருக்கு மாறாக அங்கே பூச்சி மிகுதி. சாக்லேட் வணிகக் குடும்பத்தின் கிறிஸ்டோஃபர் காட்பரி 1973இல் அதை வாங்கிக் காப்பகமாக ஆக்கியிருந்தார்.

கூஸேனில் காலியான இடங்களை உடனே நிரப்பியவை எவை? ‘பாசத்தால்’ வீட்டில் தங்கியிருந்த அதே பிள்ளைகள்! சில மணி நேரங்களுக்குள்ளேயே ஓடிவந்து இடம் பிடித்தன. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பூச்சி வளம் மிக்க எல்லையில் பிறந்தவை, அருகில் வளங்குன்றிய இடம் காலியானால் அதற்குப் போகவில்லை. நல்ல இடம் வரும்வரை பிறந்த வீட்டிலேயே காத்திருந்தன. நிலமும் எதிர்பார்ப்பும் சேர்ந்தே கூட்டுக் குடும்பத்தை நிறுத்தி வைத்திருந்தன. அரீத்தில் புதிதாக இறங்கியவற்றின் பிள்ளைகள் தொடக்கத்தில் உடனுக்குடன் தனிக்குடித்தனம் போயின. நல்ல இடங்கள் நிரம்பிய பின்னர் அங்கேயும் மகள்கள் வீட்டில் தங்கத் தொடங்கினர்.

இதைவிட வியப்பானது 1997இல் கொம்டூரும் அவர் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. இக்குருவி பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே முட்டைதான் இடும். பறவைகளில் குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயின் கருமுட்டையில் தீர்மானமாவது; தந்தையின் பங்கு அதில் இல்லை. வளங்குன்றிய எல்லைகளில் பிறந்த குஞ்சுகளில் நூற்றுக்கு 77 ஆண். வளமான எல்லைகளில் நூற்றுக்கு 13 மட்டுமே ஆண். காரணம் எளிது. மகள் தங்குவாள். வளம் இருந்தால் உதவுவாள். இல்லையென்றால் இருக்கிற பூச்சியையும் தின்பாள். மகன் போய்விடுவான். எனவே ஏழைத் தாய் மகனைப் பெறுகிறாள், செல்வத் தாய் மகளைப் பெறுகிறாள். வளங்குன்றிய இடத்து இணைகளை வளமான தீவுக்கு மாற்றியபோது, மகன்களாகப் பெற்றுக்கொண்டிருந்த அதே தாய்கள் மகள்களைப் பெறத் தொடங்கினர். ஏற்கெனவே இரண்டு உதவியாளர்கள் உள்ள வளமான வீட்டில் மகன் பிறந்தான். ஒரு உதவியாளரை அகற்றியதும் மறுபடி மகள். வறுமையில் பெண்ணைச் சுமையென்று கருதுவது மனிதருக்கு மட்டும் உரியதல்ல என்று இதை யாராவது எடுத்துக்காட்டக்கூடும். அந்த ஒப்புமை நமக்கு ஏற்புடையதல்ல. அங்கே பிறந்த எந்த மகளையும் எவரும் கொல்வதில்லை, மகளே செல்வத்தின் அடையாளமாகவும் இருக்கிறாள்.

கூட்டுக் குடும்பத்தின் மீது நாம் போர்த்தும் புனிதத்தையும் பின்வந்த ஆய்வுகள் கலைத்தன. டேவிட் ரிச்சர்ட்சனும் உடனுழைத்தவர்களும் இரத்தத் துளிகளிலிருந்து மரபணுவைப் பார்த்தபோது, குஞ்சுகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காட்டுக்குத் தந்தை வீட்டு ஆண் அல்ல என்று தெரிந்தது. உதவிக்கென்று தங்கிய பெண்கள் பலவும் அதே கூட்டில் இரகசியமாகத் தம் முட்டையையும் சேர்த்திருந்தன. இன்னொரு கண்டுபிடிப்பு நம்மை மிகவும் தொட்டது. இடத்தை இழந்த மூத்த தாய்ப்பறவைகள் சில, வீட்டைவிட்டுப் போகாமல், தம் மகளுக்கு அடங்கியவர்களாகத் தங்கிப் பேரக்குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. பறவை உலகில் பாட்டி என்ற உறவு இவ்வளவு தெளிவாகப் பதிவானது அபூர்வம்.

இனி அந்த ஒரு மைலுக்கு வருவோம். கூஸேன் நிரம்பி வழிந்த காலத்தில் எதிரே கூஸீன் குருவியின்றிக் கிடந்தது. இளம் பறவைகள் ஆண்டுக்கணக்கில் பிறந்த வீட்டில் இடத்துக்குக் காத்துக் கிடந்தன, எதிர்க்கரைக்குப் போகவில்லை. தீவுப் பறவைகள் பல பறக்கும் ஆற்றலை இழந்தவை என்பதால், இதுவும் அப்படித்தானோ என்று கருத இடமிருந்தது. 2004இல் கொம்டூரும் குழுவினரும் இதையே கேள்வியாக்கி ஆய்வு வெளியிட்டனர்: பறக்க முடியவில்லையா, பறக்க விருப்பமில்லையா? சிறகமைப்பையும் உடல் அளவுகளையும் சோதித்ததில் பெரிய குறை எதுவும் தென்படவில்லை. வளையமிட்ட குருவிகளில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் தீவு மாறியிருந்தது. முடியும்; போவதில்லை என்பதே அவர்கள் வந்தடைந்த முடிவு.

யோசித்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. இங்கே கடலை நோக்கிப் பறக்கும் துணிவு கொண்ட குருவி பெருங்கடலில் விழுந்து சாகும். அதன் துணிவும் உடன் சாகும். வீட்டில் தங்கியதுதான் பிள்ளை பெற்றது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் இந்தச் சல்லடையில் சலித்தால் மிஞ்சுவது கரையோடு நிற்கும் குருவிதான். தென்னந்தோட்டங்கள் வரும்வரை அதில் ஒரு தீங்கும் இருந்திருக்காது. தோட்டங்கள் வந்த பிறகு, முன்பு காத்த அதே குணம் அதைப் பொறியில் சிக்க வைத்தது. தீவு தீவாக அது அணைந்துகொண்டே வந்தது. அணைந்த தீவில் மறுபடி ஏற்ற அடுத்த தீவிலிருந்து எதுவும் வரவில்லை.

ஆகவே கடலைக் கடத்தும் வேலையை மனிதர்களே எடுத்துக்கொண்டனர். 2004இல் 58 குருவிகள் எலி ஒழிக்கப்பட்ட தெனி என்ற பவளத்தீவுக்குப் போயின. 2011இல் 59 குருவிகள் ஃப்ரிகேட் தீவுக்கு. 2015இல் பன்னாட்டுச் செம்பட்டியல் இதை ‘அழிவாபத்தை அண்மித்தது’ என்ற வகைக்கு இறக்கியது. சேஷெல்ஸில் அந்தச் சொல்லை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள். 2010களின் மதிப்பீடுகள் ஐந்து தீவுகளிலுமாக மொத்தத்தை மூவாயிரத்துக்கு அருகில் வைத்தன.

எண்ணிக்கை மீண்டது, எல்லாம் மீண்டதா என்பது வேறு கேள்வி. 1876க்கும் 1940க்கும் இடையில் பாடம் செய்யப்பட்டு அருங்காட்சியக இழுப்பறைகளில் கிடந்த தோல்களிலிருந்து மரபணுவை எடுத்து, இன்றைய குருவிகளோடு ஒப்பிட்டு 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்பு சில ஆயிரங்கள் என்ற அளவில் இருந்த இனப்பெருக்கத் தொகை ஐம்பதுக்கும் கீழே விழுந்திருந்ததை அது காட்டியது. ஐந்து தீவுகளில் இன்று பாடுபவை அத்தனையும் அந்தப் புதரில் எஞ்சிய இருபத்துச் சொச்சப் பறவைகளின் வழித்தோன்றல்கள். இழுப்பறைத் தோல்களில் இருந்து, உயிருள்ளவற்றில் இல்லாமல் போன மரபுக் கூறுகள் பல. அந்தத் தோல்களில் சிலவற்றின் சீட்டில் மரியான் என்று எழுதியிருக்கிறது. குருவிகள் மீளக் குடியேற்றப்பட்ட தீவுகளின் பட்டியலில் மரியான் இல்லை.